வல்லைவெளியில் வலுவிழந்த மொரிஸ் மைனர்: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

கார் 948 சிசி எஞ்சின் பூட்டிய மொரிஸ் மைனர் 1000. 1956 இல் அறிமுகமான வகை. பழைய இலங்கை வண்டிகளுக்கு இருந்த ஸ்ரீ இலக்கத் தகடு இன்னும் முன்னால் இருக்கிறது. இரண்டு தலைமுறையாக ஒரே குடும்பத்தின் கையில் உள்ள வண்டி. இப்போதைய உரிமையாளர் யாழ் குடாநாட்டின் வடமராட்சியில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர். மனைவியை மாதந்தோறும் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக் கிளினிக்குக் கூட்டிச் செல்வதுதான் காருக்கு இருக்கும் பெரிய வேலை. மற்ற நாள்களில் நெல்லியடிச் சந்தை, கோயில், உறவினர் வீடு என்று சில மைல்களுக்குள் முடிந்துவிடும்.

இதன் கடந்தகாலத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் பழுதைத் தேடியவர்கள் எல்லோரும் அதிலிருந்துதான் தொடங்கினார்கள். 1990 களில் குடாநாட்டின் மீது பொருளாதாரத் தடை இருந்தபோது பெற்றோல் கண்ணில் காண முடியாத பொருள். சொட்டுப் பெற்றோலில் எஞ்சினைக் கிளப்பிச் சூடாக்கி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டினார்கள். ஒஸ்டின்களும் மொரிஸ்களும் அப்படித்தான் நோயாளிகளையும் பிணங்களையும் மணப்பெண்களையும் சுமந்தன. இந்தக் காரும் அந்த வரிசையில் ஒன்று. மண்ணெண்ணெய் பெற்றோலைப்போல எளிதில் ஆவியாகாது. எரியாத பங்கு சிலிண்டர்ச் சுவரில் வழிந்து ஒயிலில் கலந்து அதை நீர்க்கச் செய்யும். தீப்பொறி தரும் பிளக்கில் கரி படியும். தாங்கியிலும் குழாயிலும் பிசின் படிந்துவிடும் என்ற பேச்சும் இங்கே எல்லோருக்கும் பழக்கமானது. அதனால் யாழ்ப்பாணத்தில் ஒரு பழைய கார் திக்கினால், முதலில் வரும் சொல் "தாங்கி அழுக்கு" என்பதுதான்.

2022 எரிபொருள் நெருக்கடியும் சேர்ந்துகொண்டது. வரிசையில் நின்று, கியூஆர் முறை வந்தபின் வாரப் பங்கீட்டில் எடுத்த பெற்றோலைப் பலர் பிளாஸ்ரிக் கலன்களில் சேமித்தார்கள். இந்த உரிமையாளரும் அப்படிச் சேமித்து வைத்திருந்தார். கார் எங்கள் கராஜுக்கு வந்தது அதற்கு அடுத்த ஆண்டின் வைகாசி மாதத்தில்.

முறைப்பாடும் அதற்கு முன் நடந்த வேலைகளும்

கிளினிக் முடிந்து வீடு திரும்பும்போது, வழியில் எஞ்சின் திடீரென்று வலு இழக்கிறது. வெட்டி வெட்டி இழுக்கிறது. சில வேளை முற்றாக நின்று கார் உருண்டுபோய் ஓரத்தில் நிற்கிறது. திறப்பைத் திருகினால் உடனே கிளம்பிவிடுகிறது. வீட்டிலோ கராஜிலோ எவ்வளவு நேரம் ஓடவிட்டாலும் ஒரு குறையும் இல்லை.

எங்களுக்கு முன்னர் இரண்டு இடங்களில் வேலை நடந்திருந்தது. முதல் இடத்தில் தாங்கியை இறக்கிக் கழுவியிருந்தார்கள். துருவும் மண்டியும் கொஞ்சம் வந்ததாம். அறுபது வயதுத் தாங்கியில் வராவிட்டால்தான் வியப்பு. பெற்றோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் காபரேற்றரையும் கழற்றித் துடைத்துப் பூட்டியிருந்தார்கள். அதன்பின் சில நாள்கள் கார் நன்றாக ஓடியதால் எல்லோரும் நிம்மதியடைந்தார்கள். அடுத்த கிளினிக் நாளில் பழுது திரும்பி வந்தது.

இரண்டாவது இடத்தில் வெயில்மேல் சந்தேகம் போனது. பழுது எப்போதும் மதியத்துக்குப் பின்னரே வருவதால் அது நியாயமான சந்தேகம். சூட்டில் குழாய்க்குள் பெற்றோல் ஆவியாகி அடைக்கலாம். பிளக்குக்கு உயர் மின்னழுத்தம் தரும் கொயிலும் சூடேறினால் கைவிடும். கொயிலை மாற்றினார்கள், பிளக்குகளையும் மாற்றினார்கள், பெற்றோல் குழாய்க்குத் துணி சுற்றினார்கள். வழியில் நின்றால் பம்பின்மேல் ஈரத்துணி போடும்படி சொல்லியும் அனுப்பினார்கள். ஈரத்துணி போட்டபோதெல்லாம் கார் கிளம்பியது. அதனால் வெயில்தான் காரணம் என்ற எண்ணம் உரிமையாளருக்கு வலுத்தது. ஆனால் துணி போடாமல் திறப்பைத் திருகியிருந்தாலும் அது கிளம்பியிருக்கும்.

இரண்டு இடத்திலும் செய்த வேலை மோசமானதல்ல. தாங்கி கழுவப்பட வேண்டியதுதான். பழைய பிளக்குகளும் தேய்ந்துதான் இருந்தன. பழுது நிகழ்கிற நேரத்தில் காருடன் யாரும் இருக்கவில்லை என்பதுதான் குறை.

கேட்டறிந்தவை

பொனற்றைத் திறப்பதற்கு முன்னர் உரிமையாளரை உட்காரவைத்துக் கேட்டோம். எந்த இடத்தில், எந்த வேகத்தில், கால் எவ்வளவு அழுத்தியிருந்தபோது, மெல்ல மெல்லக் குறைந்ததா அல்லது விளக்கை அணைத்ததுபோல நின்றதா?

"ஐயா, நிற்கும்போது நீங்கள் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டதற்கு அவர் சொன்ன பதில் எங்களை நிமிர்ந்து உட்கார வைத்தது.

"தம்பி, பயத்தில் அக்சிலேற்றரை அடிவரை மிதித்துவிடுவேன். மிதித்தால் இழுக்கும். காலைத் தளர்த்திப் பழைய நிலைக்கு வந்தால் திரும்பவும் வெட்டத் தொடங்கும்."

பெற்றோல் போதாமல் எஞ்சின் திணறுமானால் அடிவரை மிதிக்கும்போது இன்னும் திணற வேண்டும். வலு கூடக் கூடப் பெற்றோலின் தேவையும் கூடுகிறது. அடைபட்ட குழாயால் அதற்கு ஈடுகொடுக்க முடியாது. இங்கே நடப்பது நேர்மாறு. சுமை கூடினால் பழுது மறைகிறது, சுமை குறைந்தால் வருகிறது.

அடுத்த நல்ல காலம், அவர் ஆசிரியராக இருந்தது. காருக்கென்று ஒரு கொப்பி வைத்திருந்தார். திகதி, எடுத்த பெற்றோல், ஓடிய மைல், பழுது வந்த இடம் எல்லாம் மணிமணியான எழுத்தில். அதைக் காட்டும்படி அதுவரை யாரும் கேட்டிருக்கவில்லை. பக்கங்களைப் புரட்டினால் இடப்பெயர்கள் திரும்பத் திரும்ப வந்தன: ஆவரங்கால் கடந்து, வல்லைவெளி, வல்லைப் பாலத்துக்கு அருகில், மறுபடி வல்லைவெளி. எல்லாமே வடமராட்சிக்குத் திரும்பும் திசையில். காலையில் யாழ்ப்பாணம் போகும்போது ஒரு முறையேனும் நின்றதாகக் குறிப்பு இல்லை. தாங்கி கழுவியபின் "நன்றாக ஓடிய" நாள்களில் கார் நெல்லியடியைத் தாண்டவே இல்லை என்பதும் அதே கொப்பியில் தெரிந்தது.

வெயிலா, காற்றா

பருத்தித்துறை வீதியில் போய்வருபவர்களுக்கு வல்லைவெளியைச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. இரு பக்கமும் மறைப்பே இல்லாத வெட்டை, மேடு பள்ளமில்லாத நேர்த்தெரு, தொண்டைமானாற்று நீரேரி, ஓயாத காற்று. வைகாசி தொடங்கினால் சோளகக் காற்று பிடித்துவிடும். யாழ்ப்பாணத்திலிருந்து வடமராட்சி வடகிழக்கே இருக்கிறது. காற்று தென்மேற்கிலிருந்து வருகிறது. அப்படியானால் வீடு திரும்பும் காருக்குக் காற்று முதுகில். நகரத்துக்குப் போகும் காருக்கு அது முகத்தில்.

ஆகவே மதியத்துக்குப்பின் என்ற குறிப்புக்குள் இரண்டு காரணங்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. ஒன்று வெயில். மற்றது, பின்காற்றோடு சமதரையில் போகையில் அக்சிலேற்றர் மிக இலேசாக மட்டுமே திறந்திருப்பது. முதல் காரணத்தை எல்லோரும் பார்த்தார்கள். இரண்டாவதைக் காலால்தான் உணர முடியும்.

இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் எந்தப் பாகத்தையும் தொடுவதில்லை என்று முடிவெடுத்தோம். உரிமையாளருக்கு இது முதலில் பிடிக்கவில்லை. காரைத் தந்தால் எதையாவது மாற்றித் தருவார்கள் என்றுதான் எவரும் எதிர்பார்ப்பார்கள். ஆனால் ஏற்கனவே மாற்றிய கொயிலே பழையதைவிடத் தரங்குறைந்ததாக எங்களுக்குத் தோன்றியது. பழைய கார்களுக்கு இன்று கிடைக்கும் புதுப்பாகங்களில் பல, கழற்றி வீசிய பழைய பாகத்துக்கு ஈடாகாதவை. காரணம் தெரியாமல் மாற்றுவதால் பணம் போவது ஒருபுறம். இல்லாத பழுது ஒன்று புதிதாகக் குடிவருவது மறுபுறம்.

வீதியில் கண்டவை

வெளிக்கிடுமுன் பெற்றோல் பக்கத்தை ஒரு முறை அளந்து ஒதுக்கிவைத்தோம். இந்தக் காரின் பெற்றோல் பம்பான எஸ்யூ மின்பம்ப் எஞ்சினுக்குப் பின்னே உள்ள தகட்டுச் சுவரில் பூட்டியிருக்கிறது. காபரேற்றர் முனையில் குழாயைக் கழற்றி ஒரு போத்தலுக்குள் விட்டு, திறப்பைப் போட்டோம். நிமிடத்துக்கு அரை லீற்றருக்குக் குறையாமல் சீராக ஊற்றியது. குமிழி இல்லை. குழாயைப் பூட்டியதும் சில தட்டுகள் தட்டிவிட்டுப் பம்ப் அமைதியானது. நல்ல எஸ்யூ பம்ப் அப்படித்தான் நடந்துகொள்ளும். ஓயாமல் படபடவென்று தட்டினால் காற்று இழுக்கிறது அல்லது தாங்கி வெறுமையாகிவிட்டது என்று பொருள். தாங்கி மூடியின் காற்றுத் துளையும் திறந்திருந்தது.

பிறகு மின்சாரப் பக்கத்துக்குக் காவல் வைத்தோம். கொயிலுக்கு மின் வரும் முனையிலிருந்து ஒரு சிறு பல்ப். கொயிலிலிருந்து, பிளக்குகளுக்கு மின்னைப் பிரித்துக்கொடுக்கும் டிஸ்ரிபியூற்றருக்குப் போகும் முனையில் பழைய ஊசி மீற்றர். இரண்டுக்கும் நீண்ட வயர் போட்டு முன் இருக்கைக்குக் கொண்டுவந்தோம். அந்த இரண்டாவது முனையில் பல்ப் போடாதது வேண்டுமென்றே. ஓடும் எஞ்சினில் அங்கே பல்ப் இருந்தால் தீப்பொறியின் வலுவை அது பங்குபோட்டுக்கொள்ளும். மீற்றர் மிகச் சொற்பமாகவே எடுக்கும். மொரிஸ் மைனரில் பற்றரியின் நேர்முனைதான் உடலோடு இணைந்திருக்கிறது என்பதால் மீற்றர் முனைகளை மாற்றிப் பிடிக்க வேண்டும்.

எதைப் பார்க்கவேண்டும் என்பதும் முன்கூட்டியே பேசிக்கொண்டோம். டிஸ்ரிபியூற்றருக்குள் கொயிலின் மின்னை வெட்டிவெட்டித் தீப்பொறியை உண்டாக்கும் தொடுமுனைதான் பொயின்ற். அது மூடித் திறந்துகொண்டிருக்கும்வரை ஊசி 4 அல்லது 5 வோல்ற்றில் நடுங்கியபடி நிற்கும். சுற்றில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு நேரம் பொயின்ற் மூடியிருப்பதால் சராசரி அவ்வளவுதான் வரும். கொயிலுக்கு மின் வருவதே நின்றால் பல்ப் அணையும், ஊசி பூச்சியத்துக்கு விழும். பல்ப் எரிந்துகொண்டிருக்க ஊசி பற்றரி அளவுக்கு எழும்பினால், கொயிலுக்கு அப்பால் ஏதோ ஒன்று அறுந்திருக்கிறது. எதுவுமே மாறாமல் கார் மட்டும் வெட்டினால் மீண்டும் பெற்றோல் பக்கம் திரும்பலாம்.

வெயில் ஏறுமுன், பின்காற்று இருக்கும் ஒரு காலை நேரத்தைத் தெரிந்தெடுத்து வடமராட்சித் திசையில் போனோம். ஒருவர் ஓட்டினார், மற்றவரின் பார்வை மீற்றரை விட்டு அகலவில்லை. நீர்வேலி வரை ஒன்றுமில்லை. வெட்டையில் இறங்கி மணிக்கு 50 கிலோமீற்றரளவில், கால் பெருவிரலை மட்டும் வைத்ததுபோல் சீராகப் போகும்போது முதல் வெட்டு வந்தது. அதே கணம் ஊசி 13 வரை துள்ளியது. இறங்கியது, மறுபடி துள்ளி அங்கேயே நின்றது. பல்ப் மங்கவே இல்லை. எஞ்சின் நின்றுவிட்டது; கிளச்சை மிதிக்காததால் சில்லுகள் அதைச் சுழற்றிக்கொண்டிருந்தன. சுழலும் எஞ்சினில் பொயின்ற் மூடித் திறக்க வேண்டும், ஊசி நடுங்க வேண்டும். அது அசையாமல் உச்சியில் நின்றது. காலை முழுதாக எடுத்ததும் ஊசி விழுந்து நடுங்கத் தொடங்கியது, எஞ்சின் பிடித்துக்கொண்டது.

குளிர்ந்த வேளையில் பழுது வந்தாயிற்று. மறுதிசையில் உச்சி வெயிலில் எதிர்காற்றோடு ஓட்டினோம். எஞ்சின் கொதிப்புக்குக் கிட்டவரை சூடேறியும் ஒரு வெட்டும் இல்லை. வெயிலை அத்தோடு விட்டுவிட்டோம்.

பழுது இருந்த இடம்

இலேசாகத் திறந்த அக்சிலேற்றரில் மட்டும் அசைகிற பாகம் எது? இந்த வகை எஞ்சினில் காபரேற்றரிலிருந்து ஒரு மெல்லிய குழாய் டிஸ்ரிபியூற்றரின் பக்கத்திலுள்ள தட்டையான சிமிழுக்குப் போகிறது. அக்சிலேற்றர் சிறிதளவு திறந்திருக்கும்போது காபரேற்றரின் உறிஞ்சல் அந்தக் குழாய் வழியாக ஒரு மென்சவ்வை இழுக்கும். சவ்வு பொயின்ற் பூட்டியிருக்கும் தட்டைச் சில பாகை திருப்பி, பொறியை முந்திக் கொடுக்கும். சீரான ஓட்டத்தில் பெற்றோல் மிச்சமாவதற்கான ஏற்பாடு. கால் முழுதாக எடுத்திருந்தால் உறிஞ்சல் அந்தத் துளையை எட்டாது. அடிவரை மிதித்தால் உறிஞ்சலே இல்லாமல் போகும். இரண்டு நிலையிலும் தட்டு தன் இடத்துக்குத் திரும்பிவிடும். உரிமையாளர் கால் பழகிய விதத்தோடு இது அப்படியே பொருந்தியது.

கராஜில் சோதிக்க ஒரு சாண் ரப்பர்க் குழாய் போதுமாக இருந்தது. எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு, அந்த மெல்லிய குழாயைக் காபரேற்றரிலிருந்து கழற்றி, ரப்பர்க் குழாயை மாட்டி வாயால் உறிஞ்சினோம். எஞ்சின் பட்டென்று நின்றது. அருகில் நின்ற உரிமையாளர் ஒன்றும் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இன்னொரு முறை செய்து காட்டுங்கள்" என்றார். இன்னொரு முறையும் நின்றது.

மூடியைத் திறந்து மீற்றரை ஓம் அளவுக்கு மாற்றினோம். டிஸ்ரிபியூற்றரின் பக்கமுனைக்கும் பொயின்ற்றின் வில்லுத் தகட்டுக்கும் இடையே, தட்டு ஓய்ந்திருக்கையில் பூச்சியம். உறிஞ்சினால் ஊசி முடிவிலிப் பக்கம் போய்விட்டது, இணைப்பே இல்லை. தட்டுக்கும் உடலுக்கும் இடையேயான வயரையும் அதேபோல் பார்த்தோம். அது உறிஞ்சினாலும் விட்டாலும் பூச்சியமாகவே இருந்தது. ஆக, பக்கமுனையிலிருந்து பொயின்ற்றுக்குப் போகும் விரல் நீள வயர்தான் குற்றவாளி.

பார்வைக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை. கறுப்பு உறை முழுதாக இருந்தது. நுனிவிரல்களால் பிடித்து மெல்ல இழுத்தபோது ஒரு இடத்தில் உறை மட்டும் இழுபட்டு மெலிந்தது. வெட்டிப் பார்த்தோம். உள்ளே இழைகள் எல்லாம் அறுந்து, முனைகள் கறுத்து, ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு கிடந்தன. தட்டு திரும்பும்போது அவை விலகின, திரும்பி வரும்போது முட்டிக்கொண்டன.

அந்த வயர் காரோடு வந்ததும் அல்ல. அங்கே இருக்கவேண்டியது மிக நுண்ணிய பல இழைகள் கொண்ட, துவளுகிற வயர். இருந்ததோ தடித்த சில இழைகள் கொண்ட வீட்டுமின்சார வயர். நுனியில் ஈயமும் தாராளமாக ஊற்றப்பட்டு, இழைகள் வழியே உள்ளே ஏறி இறுகியிருந்தது. அந்த இறுக்கம் முடிகிற விளிம்பில்தான் இழைகள் அறுந்திருந்தன. எப்போது யார் போட்டது என்று உரிமையாளருக்குத் தெரியாது. உதிரிப்பாகம் எதுவும் குடாநாட்டின் தரைவழி வாசலான ஆனையிறவைத் தாண்டி வராத ஆண்டுகளில், கிடைத்ததைக்கொண்டு வண்டியை ஓடவைத்த யாரோ ஒருவரின் வேலையாக இருக்கலாம். நோயாளியை ஏற்றிக்கொண்டு வாசலில் நின்ற காருக்கு அன்று அது உயிர் கொடுத்திருக்கும். அந்தக் கைக்கு எங்கள் மரியாதை.

செய்த திருத்தம்

மெல்லிய குழாயைக் கழற்றி அடைத்துவிட்டாலே பழுது மறைந்துவிடும். அப்படி அடைத்து வல்லைவெளியில் ஓட்டியும் பார்த்தோம், பின்காற்றிலும் வெட்டவில்லை. எங்கள் முடிவுக்கு அது இன்னொரு சான்று. ஆனால் அதையே திருத்தமாக விட்டுவிடுவது சரியல்ல. பெற்றோல் செலவு கூடும். அறுந்த வயரும் உள்ளேயே இருக்கும், நாளை தட்டு அசையாமலே கைவிடும்.

மீற்றர்க் கம்பிகளுக்குப் பயன்படும், சிலிக்கோன் உறையுள்ள நுண்ணிழை வயரில் ஒரு துண்டை எடுத்தோம். நீளத்தைப் பழையதைவிடச் சற்றுக் கூட்டி, தட்டு முழுதாகத் திரும்பினாலும் இழுபடாத ஒரு வளைவு விட்டோம். முனைகளை ஈயம் ஊற்றாமல் நசுக்கிப் பூட்டினோம். சுழலும் தண்டிலோ மூடியிலோ உரசாதபடி வயரைப் படிய வைத்துக் கையால் சுற்றிப் பார்த்தோம். பொயின்ற் இடைவெளி 0.015 அங்குலம், பிளக் இடைவெளி 0.025 அங்குலம், பொறிநேரம் மூன்றையும் சரிபார்த்தோம். சவ்வு ஓட்டையில்லாமல் உறிஞ்சலைத் தாங்கி நின்றது. புதிதாகப் போட்டிருந்த கொயிலைக் கழற்றிவிட்டு, உரிமையாளர் பத்திரமாக வைத்திருந்த பழைய கொயிலையே திரும்பப் பூட்டினோம்; சூடேறியபின் அளந்தும் அதில் குறை தெரியவில்லை. பெற்றோல் குழாயில் சுற்றியிருந்த துணியை அகற்றினோம். எஞ்சின் அறையில் பெற்றோல் ஊறக்கூடிய துணி இருப்பது தீயை அழைத்துவைப்பது. வெயிலுக்கு அது மருந்துமல்ல.

பின்தொடர்ந்து கண்டவை

அதே மீற்றரோடு வல்லைவெளியில் இரு திசையும் ஓட்டியபோது ஊசி தன் நடுக்கத்தை விட்டு மேலே எழவில்லை. சோளகம் ஓய்ந்து வடகிழக்கு வாடை பிடிக்கும்வரை உரிமையாளரிடம் கொப்பி எழுதச் சொன்னோம். காற்று மாறினால் பின்காற்று இருக்கும் திசையும் மாறும், அப்போதும் பார்க்கவேண்டும் என்பது எங்கள் எண்ணம். கார்த்திகை மழையில் ஒரு காலை கிளம்ப மறுத்ததாகக் குறிப்பு வந்தது. அது டிஸ்ரிபியூற்றர் மூடியின் ஈரம். துடைத்ததும் கிளம்பியது, பழைய பழுதோடு தொடர்பில்லை. வெட்டு மட்டும் எந்தத் திசையிலும் திரும்பவில்லை. காற்றுக்கு எதிரே போகையில் பெற்றோல் செலவு முன்போலவே. பின்காற்றில் சற்றுக் குறைந்திருப்பதாக அவர் கணக்குக் காட்டினார்.

நடைமுறையில் செய்துகொண்ட மாற்றங்கள்

இடையிடையே வலு இழக்கும் பழைய கார் வந்தால் இப்போது வேலைச்சீட்டில் முதலில் எழுதுவது பாகத்தின் பெயரை அல்ல. அடிவரை மிதித்தால் கூடுகிறதா குறைகிறதா, மெல்ல அடங்குகிறதா சட்டென அறுகிறதா, நின்றதும் உடனே கிளம்புகிறதா ஆற வேண்டுமா என்ற மூன்று கேள்விகளின் விடைகளை எழுதுகிறோம். ஓட்டுபவரே ஓட்ட, நாங்கள் பக்கத்தில் இருந்து பார்ப்பதையும் வழக்கமாக்கியிருக்கிறோம், ஏனென்றால் பழுதை வரவழைப்பது அவருடைய கால்.

உறிஞ்சிப் பார்க்கும் சோதனைக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. பொயின்ற் உள்ள எந்தக் கார் வந்தாலும், வந்த காரணம் வேறாக இருந்தாலும், அதைச் செய்துவிடுகிறோம். அண்மையில் வந்த ஒரு ஒஸ்டின் கேம்பிரிட்ஜில் எஞ்சின் நிற்கவில்லை, ஆனால் உறிஞ்சியபோது தடுமாறியது. திறந்து பார்த்ததில் வயரின் இழைகளில் பாதி அறுந்திருந்தன. அந்தக் கார் இன்னும் ஒரு வீதியிலும் நிற்கவில்லை. வயரை மாற்றி அனுப்பினோம்.